தனட்டோகெமிஸ்ட்ரியைத் தமிழில் எப்படிச் சொல்வது?

செத்த உடம்பில் நடக்கும் வேதி மாற்றங்களைப் படிக்கிற துறைதான் தனட்டோகெமிஸ்ட்ரி. உயிர் போய் எத்தனை மணி நேரம் ஆகியிருக்கும் என்று கணிக்கத் தடயவியல் மருத்துவர்களுக்கு இது உதவுகிறது.

சொல்லின் முற்பாதி கிரேக்கம். தனதோஸ் என்றால் சாவு, சாவின் கடவுளுக்கும் அதே பெயர். உறக்கத்தின் கடவுளான ஹிப்னோஸ் அவனோடு பிறந்த இரட்டையன். நம் வள்ளுவரும் 'உறங்குவது போலும் சாக்காடு' என்கிறாரே! அந்தச் சாக்காடே போதும், வேறு சொல்லைத் தேடி அலைய வேண்டாம். இதில் இருப்பது மரம் நிற்கும் காடு இல்லை, வேக்காடு, நோக்காடு என்பவற்றில் வருகிற விகுதி. ஆக, சாக்காட்டு வேதியியல். (இலங்கைக்காரர்கள் வேதியியலை இரசாயனவியல் என்பார்கள், அவர்கள் சாக்காட்டு இரசாயனவியல் என்று வைத்துக்கொள்ளலாம்.) பிண வேதியியல் என்றாலும் புரியும்தான், ஆனால் பிணம் என்பது பொருள், இந்தத் துறை பார்ப்பதோ சாவது என்கிற நிகழ்வை.

மூச்சு நின்றதும் செல்கள் எல்லாம் ஒரேயடியாக ஓய்ந்துவிடுவதில்லை. ஆக்சிஜன் வராவிட்டாலும் மிச்சமிருக்கும் சர்க்கரையை வைத்துக் கொஞ்ச நேரம் ஓட்டும், லாக்டிக் அமிலம் சேரும், செல்லுக்கு ஆற்றல் தரும் ஏடிபி என்ற மூலக்கூறு தீரும், அது தீர்ந்ததால்தான் தசையும் விறைக்கிறது. அப்புறம், பொட்டாசியத்தைச் செல்லுக்குள் பிடித்துவைத்திருந்த பம்ப் நின்றுபோக, பொட்டாசியம் மெல்ல வெளியே கசியும். இதை அளக்க ரத்தத்தைவிடக் கண் நல்ல இடம்: லென்சுக்கும் விழித்திரைக்கும் நடுவே ஜெல்லி மாதிரி ஒரு நீர்மம் தனியாக அடைபட்டுக் கிடக்கிறது, மற்ற இடங்களைப் போல அது சீக்கிரம் கெடாது.

அந்த நீர்மத்தில் லிட்டருக்கு எத்தனை மில்லிமோல் (வேதியியலில் பொருளின் அளவைச் சொல்லும் அலகு) பொட்டாசியம் என்று பார்த்து, அதை 7.14-ஆல் பெருக்கி 39.1-ஐக் கழித்தால் செத்து எத்தனை மணி நேரம் என்று வரும். இது 1963-இல் ஸ்டர்னர் என்ற தடயவியல் மருத்துவர் தந்த சூத்திரம். 12 மில்லிமோல் என்றால் ஏறக்குறைய 47 மணி நேரம். சரி, அதே 12-ஐ 1989-இல் மாடேயா என்ற இன்னொரு தடயவியல் மருத்துவர் தந்த சூத்திரத்தில் போடுங்கள் (5.26-ஆல் பெருக்கி 30.9-ஐக் கழிக்க வேண்டும்), 32 மணி நேரம்தான் வருகிறது! ஒரே கண், ஒரே அளவு, 14 மணி நேரத்துக்கு மேல் வித்தியாசம். போதாததற்கு வெயில் காலத்தில் கசிவு இன்னும் வேகமாக இருக்கும். சீரியலில் டாக்டர் உடம்பைத் தொட்டுப் பார்த்துவிட்டு 'நேத்து ராத்திரி பத்தேகாலுக்கு' என்று சொல்லும்போது எனக்குச் சிரிப்பு வருவது இதனால்தான்.