ஃபேசட்னா பட்டை தான்

வீட்ல மெஷின் போட்டு ரத்தினக்கல்லுக்கு ஃபேசட்டிங் பண்றேன்னு சொன்னா, பாதி பேர் கம்மல் செய்றியான்னு கேக்குறாங்க, மீதி பேர் ஃபேசட்னா என்னன்னு கேக்குறாங்க. பிரெஞ்சு ஃபாஸெட்ல இருந்து வந்த சொல்லு. ஃபாஸ்னா முகம், எட்னு ஒட்டினா குட்டி ஆயிடும், சிகார் சிகரெட் ஆன மாதிரி. ஆக ஃபேசட்னா குட்டி முகம், கல்லுல வெட்டுற ஒவ்வொரு தட்டையான பரப்பும் ஒரு குட்டி முகம்.

தமிழ்ல இதுக்கு முகப்பு, முகத்தளம்னு எதையாவது புதுசா உருவாக்கணும்னு அவசியமே இல்ல, பட்டைன்னு சொன்னா போதும். காஞ்சி கைலாசநாதர் கோயில் மூலவரை பதினாறு பட்டை லிங்கம்னு தானே சொல்றோம், மண்டபத்துல நிக்கிறது எட்டுப்பட்டை தூண். மெஷின்ல கல்லைத் திருப்புற பல்சக்கரத்துக்கு 96 பல்லு, 6 பல்லுக்கு ஒரு தடவை நிறுத்தி வெட்டினா சுத்தி 16 பட்டை விழும், பல்லவர் கால சிற்பி உளியில பண்ண கணக்கு தான் இதுவும்.

ஆனா பட்டை தீட்டுறதுன்னு சொல்றப்போ கொஞ்சம் குழப்பம் வருது. அரிசியையும் தான் பட்டை தீட்டுறோம், அதுல ஏது முகம்? எங்க வேலையில வெட்டு தனி, மெருகு தனி, கல்லைத் தேய்க்கிற தட்டே வேற வேற, அதனால நான் பட்டை வெட்டுறது, மெருகு போடுறதுன்னு பிரிச்சு தான் சொல்வேன். திருச்சி பக்கம் செயற்கை வைரத்துக்கு பட்டை தீட்டுறதுன்னு ஒரே பேரா சொல்றாங்க, அது தொழில் பேரு, அதை யாரும் மாத்த வேணாம்.

அடுத்தது ஹீட்டட் ஸ்டோன். சுட்ட கல்லுனு எழுதிப் பார்த்தேன், எங்க இருந்து சுட்டேன்னு ஃப்ரெண்டு கேட்டுட்டான்! அதனால சூடேத்தின கல்னு வெச்சுக்கலாம். மார்க்கெட்ல வர்ற சிட்ரின்ங்கிற மஞ்சள் கல்லுல பெரும்பாலானது செவ்வந்திக்கல்லை, அதாவது அமெதிஸ்டை, 450, 500 டிகிரி வரைக்கும் சூடேத்தினது தான், ஊதா போயி மஞ்சளோ ஆரஞ்சோ வந்துடும். புதுசா கத்துக்கிறவங்களுக்கு இது தான் சரி, விலை கம்மி, கெட்டுப்போனா மனசு ஆறிடும். நீலக்கல்லும் மாணிக்கமும் கூட சூடேத்தினது தான் நிறைய, அது ரெண்டும் கொரண்டம்ங்கிற ஒரே கனிமம், அந்த இங்கிலீஷ் சொல்லே நம்ம குருந்தத்துல இருந்து போனது, அதைப் போயி கொரண்டம்னு திருப்பி எழுதிட்டு இருக்கோம்.

எனக்கு மாட்டிக்கிட்டது விண்டோங்கிற குறை தான். சிட்ரினுக்கு அடிப்பட்டையை 42 டிகிரில வெட்டணும், முதல் கல்லுல 38க்கு இறக்கிட்டேன், வெளிச்சம் திரும்பி வராம அடியில ஒழுகிப்போச்சு, பேப்பர் மேல வெச்சா நடுவுல எழுத்து படிக்கலாம். இதுக்கு நல்ல தமிழா யோசிச்சு யோசிச்சு கடைசில ஜன்னல்னு எழுதினேன், அப்புறம் தான் தோணுச்சு, அதுவே போர்ச்சுகீஸ்காரன் சொல்லாச்சே.