ஒல்லிக் கையும் தொப்பை வயிறும்: மலையகத்தில் உடற்பருமன்

இலங்கையின் மலையகத் தேயிலைத் தோட்டங்களில், வரிசையாகக் கட்டிய ஒரே லயன் வீட்டுக்குள் இரண்டு கிளினிக் கார்டுகள் இருப்பது இப்போது அதிசயமில்லை. ஒன்று மூன்று வயதுப் பிள்ளையுடையது. அதன் வளர்ச்சிக் கோடு இருக்க வேண்டிய இடத்துக்குக் கீழேயே போய்க்கொண்டிருக்கும். மற்றது பாட்டியுடையது. சீனி வருத்தத்துக்கும் (நீரிழிவு) பிரஷருக்கும் மாதாமாதம் மருந்து எடுக்கும் கார்டு அது. அந்தப் பாட்டியைக் குண்டு என்று யாரும் சொல்லமாட்டார்கள். கையும் காலும் மெலிந்துதான் இருக்கும், வயிறு மட்டும் முன்னுக்குத் தள்ளியிருக்கும்.

2016இல் இலங்கையில் நடந்த குடித்தொகை சுகாதார ஆய்வில், ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் நாடு முழுக்க 17 வீதம். தோட்டப்புறத்தில் மட்டும் பார்த்தால் 32 வீதம். அதே ஆய்வு, நாட்டில் 15 முதல் 49 வயதான திருமணமான பெண்களில் சுமார் 45 வீதத்தினர் அளவுக்கு மிஞ்சிய எடையோடு இருப்பதாகவும் காட்டியது. தோட்டப்புறத்தில் இந்த இரண்டாவது எண் குறைவுதான். ஆனால் தராசு காட்டும் எண்ணை வைத்து நாம் நிம்மதி அடைய முடியாது. காரணத்தைச் சொல்ல ஒரு புகைப்படத்தைப் பற்றிப் பேச வேண்டும்.

2004இல் லான்செட் மருத்துவ இதழில் இரண்டு டொக்டர்கள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும் படம் ஒன்று வந்தது. ஒருவர் பூனாவைச் சேர்ந்த யாஜ்னிக், மற்றவர் லண்டனைச் சேர்ந்த யுட்கின். எடையை உயரத்தோடு ஒப்பிட்டுக் கணக்கிடும் பி.எம்.ஐ. எண் இருவருக்கும் ஒன்றுதான், 22.3. ஆனால் உடலில் இருந்த கொழுப்பை அளந்து பார்த்தால் யுட்கினுக்கு 9.1 வீதம், யாஜ்னிக்குக்கு 21.2 வீதம். நம் தெற்காசிய உடம்பு அதே எடையில் தசையைக் குறைவாகவும் கொழுப்பை அதிகமாகவும் வைத்திருக்கிறது என்பதை இதைவிடச் சுருக்கமாகக் காட்ட முடியாது. உலக சுகாதார நிறுவனம் பொதுவாக 25ஐத் தொட்டால் அதிக எடை என்றும், 30ஐத் தொட்டால் உடற்பருமன் என்றும் கணக்கிடுகிறது. ஆசியர்களுக்கு மட்டும் 23இலேயே கவனம் தொடங்க வேண்டும், 27.5இல் ஆபத்து அதிகம் என்று அதன் நிபுணர் குழு 2004இல் சொன்னதற்குக் காரணம் இந்த வித்தியாசம்தான்.

கொழுப்பு எவ்வளவு என்பதைவிட அது எங்கே போய்ச் சேர்கிறது என்பது பெரிய விஷயம். தோலுக்கு அடியில், தொடையிலும் இடுப்பிலும் சேரும் கொழுப்பு அவ்வளவு தொந்தரவு தருவதில்லை. உடம்பு சேமிப்பதற்கென்றே வைத்திருக்கும் இடம் அது. லயன் வீட்டில் காம்பரா (அறை) நிறைந்ததும் மூட்டைகளை இஸ்தோப்பில் (முன் திண்ணையில்) போடுவோம், அதுவும் நிறைந்தால் குசினியில் அடுப்புக்குப் பக்கத்தில் அடுக்குவோம் அல்லவா, உடம்பும் அதைத்தான் செய்கிறது. தோலடி இடம் சிறியதாக அமைந்தவர்களுக்கு மிச்சக் கொழுப்பு சீக்கிரமே குடலைச் சுற்றியும் ஈரலுக்குள்ளும் தசைக்குள்ளும் போய்விடுகிறது.

அங்கே போன கொழுப்பு சும்மா கிடக்காது. வயிற்றுக்குள் இருக்கும் கொழுப்புத் திசுவிலிருந்து கொழுப்பு அமிலங்கள் கசிந்து, குடலிலிருந்து ஈரலுக்குப் போகும் இரத்தக் குழாய் வழியாக நேரே ஈரலை அடைகின்றன. அழற்சியைத் தூண்டும் இரசாயனங்களையும் அந்தத் திசு சுரக்கிறது. இரத்தத்தில் சீனியைக் கட்டுப்படுத்தும் இன்சுலின் சொல்வதை ஈரலும் தசையும் சரியாகக் கேட்காமல் போகின்றன. அதை ஈடுகட்ட கணையம் மேலும் மேலும் இன்சுலின் சுரக்கிறது. ஒரு கட்டத்தில் அதுவும் களைத்துப்போக, இரத்தத்தில் சீனி ஏறுகிறது. கூடவே கெட்ட கொழுப்பும் பிரஷரும் ஏறும். மாரடைப்பு, பாரிசவாதம், சிறுநீரகப் பாதிப்பு எல்லாம் இந்த வழியில்தான் வருகின்றன. மது தொடாதவருக்கும் ஈரலில் கொழுப்பு படிவது இதனால்தான். மற்றவற்றையும் சொல்லிவிடுகிறேன்: பித்தப்பைக் கல், தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருவது, பெண்களுக்கு மாதவிடாய்க் கோளாறு, மார்பகம், பெருங்குடல் உட்படப் பல இடங்களில் புற்றுநோய்க்கான வாய்ப்பு. அப்புறம் முழங்கால். சமதரையில் நடப்பவரைவிட மலையில் படி ஏறி இறங்குபவருக்குத்தான் அந்த வலியின் அருமை தெரியும்.

சரி, தோலடி இடம் சிலருக்கு ஏன் சிறியதாக அமைகிறது? பரம்பரை ஒரு பங்கு. இன்னொரு பங்கு கருப்பையில் தீர்மானமாகிறது. பிரித்தானிய ஆய்வாளர்கள் ஹேல்ஸும் பார்க்கரும் 1992இல் ஒரு கருத்தை முன்வைத்தார்கள். தாய்க்குச் சத்துப் போதாதபோது கரு தன்னிடம் வரும் கொஞ்சத்தை மூளைக்கு ஒதுக்குகிறது, கணையத்திலும் தசையிலும் சிக்கனம் பிடிக்கிறது, பஞ்ச காலத்துக்கு ஏற்றபடி உடம்பைக் கட்டிக்கொள்கிறது என்றார்கள். பின்னாளில் பஞ்சமே வராவிட்டால் அந்த அமைப்பே வினையாகிறது. பூனாவில் பிறந்த குழந்தைகளை யாஜ்னிக் குழுவினர் அளந்தபோது, இங்கிலாந்துக் குழந்தைகளைவிட எடை குறைவாக இருந்தும் கொழுப்பை மட்டும் அந்தச் சின்ன உடம்புகள் விட்டுக்கொடுக்காமல் வைத்திருந்தன.

இரத்தசோகையோடு, கர்ப்ப காலத்திலும் கூடை சுமந்து மலை ஏறிய தாய்மாரின் பிள்ளைகள் எடை குறைந்து பிறந்தது தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாக நடந்த கதை. ஆகவே இன்று நாற்பது வயதில் வரும் தொப்பையை வாய்க்கட்டுப்பாடு இல்லாததன் விளைவு என்று மட்டும் பேசுவது எனக்கு நியாயமாகப் படவில்லை.

வாயின் பங்கு இல்லாமலும் இல்லை. காலையில் மா ரொட்டியும் கட்டசம்பலும் தோட்டத்துச் சாப்பாடு. ஒரு ரொட்டிக்கு 100 கிராம் கோதுமை மா போனால் அதில் மட்டும் 350 கிலோகலோரிக்கு மேல் இருக்கும். விடிய எழும்பி, பிரட்டுக்கு (காலையில் வேலை பிரிக்கும் இடத்துக்கு) போய், நாள் முழுக்கச் சரிவில் நின்று கொழுந்து பறித்தவருக்கு அது தேவைப்பட்டது. அவருடைய மகன் ஹட்டன் டவுனில் ஃபோன் கடையில் உட்கார்ந்திருக்கிறான். மகள் கொழும்பில் தையல் மெஷினுக்கு முன்னால். ரொட்டியின் எண்ணிக்கை மட்டும் குறையவில்லை. உடம்பு வேலை குறைந்தால் பசியும் தானாகக் குறையாதா என்று கேட்கலாம். மேற்கு வங்காளத்துச் சணல் ஆலை ஒன்றில் ஜான் மேயர் என்பவரும் கூட்டாளிகளும் இதையே ஆராய்ந்து 1956இல் வெளியிட்டார்கள். ஓரளவு வேலை செய்பவர்கள் முதல் மூட்டை தூக்குபவர்கள் வரை, வேலைக்கு ஏற்றபடி சாப்பாடும் இருந்தது. ஆனால் நாள் முழுக்க உட்கார்ந்தே இருந்த கிளாக்கர்மாரும் கடைக்காரர்களும் மிதமாக உழைத்தவர்களைவிட அதிகம் சாப்பிட்டார்கள், எடையும் அதிகம். அசைவு ஓர் அளவுக்குக் கீழே போனால் பசியின் கணக்கு பிசகிவிடுகிறது.

அப்புறம் தேத்தண்ணி. தேயிலை ஏற்றுமதியாகிறது, நமக்குத் தூளும் சீனியும். ஒரு கோப்பைக்கு மூன்று தேக்கரண்டி, நாளைக்கு ஐந்து கோப்பை என்றால் 60 கிராம் சீனி, 240 கிலோகலோரி. நாளொன்றுக்குச் சேர்க்கும் சீனி 50 கிராமைத் தாண்டக்கூடாது, 25க்குள் நின்றால் இன்னும் நல்லது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. குடித்த சீனி வயிற்றை நிரப்புவதும் இல்லை. பனிஸும் ரோல்ஸும் பாக்கெட் பலகாரமும் இதற்கு மேல். 2019இல் வெளியான ஓர் ஆய்வுக்காக அமெரிக்காவில் கெவின் ஹால் குழுவினர் 20 பேரை ஒரு மாதம் ஆய்வுக்கூடத்தில் தங்கவைத்து, இரண்டு வாரம் ஆலையில் பதப்படுத்திய உணவும் இரண்டு வாரம் சாதாரணச் சமையலும் கொடுத்தார்கள். சீனி, கொழுப்பு, நார் எல்லாம் இரண்டிலும் சம அளவு. எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம் என்று விட்டார்கள். பதப்படுத்திய உணவு கிடைத்த நாட்களில் அவர்கள் தம்மை அறியாமலே நாளொன்றுக்கு சுமார் 500 கிலோகலோரி கூடுதலாகச் சாப்பிட்டிருந்தார்கள்.

கூடிய எடையை ஏன் எளிதில் இறக்க முடிவதில்லை? கொழுப்புத் திசு லெப்டின் என்ற ஹோர்மோனைச் சுரந்து, கையிருப்பு எவ்வளவு என்று மூளைக்குத் தகவல் அனுப்புகிறது. 1994இல் ஜெஃப்ரி ஃப்ரீட்மன் குழு இதைக் கண்டுபிடித்தது. எடை குறையும்போது லெப்டினும் குறைகிறது. மூளை அதைப் பட்டினி என்று எடுத்துக்கொண்டு பசியைக் கூட்டுகிறது, சக்திச் செலவைச் சுருக்குகிறது. தூக்கம் குறைந்தாலும் பசி கூடும். இரவு ஷிஃப்ட்டில் நிற்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

பிள்ளைகள் விஷயத்தில் ஆபத்து இரண்டு பக்கமும் இருக்கிறது. நமது கொழுப்புச் செல்களின் எண்ணிக்கை பெரும்பாலும் குழந்தைப் பருவத்திலும் விடலைப் பருவத்திலும் தீர்மானமாகிறது. வளர்ந்த பிறகு எடை குறைத்தால் செல்கள் சுருங்குமே தவிர எண்ணிக்கை குறையாது என்று 2008இல் சுவீடன் ஆய்வு ஒன்று காட்டியது. ஆகவே கொழுகொழு பிள்ளை வளர வளரச் சரியாகிவிடும் என்று விட்டுவிட முடியாது. வேனில் பள்ளிக்குப் போய், டியூஷன் முடிந்து வந்து ஃபோனோடு படுக்கும் டவுன் பிள்ளைகளில் ஈரல் கொழுப்பும், முன்பு பெரியவர்களுக்கு மட்டும் வந்த சீனி வருத்தமும் வரலாம். கூடவே கேலியும் பட்டப்பெயரும். அந்தப் பிள்ளையைப் பட்டினி போடக்கூடாது. இனிப்புப் பானத்தை நிறுத்தி, நாளைக்கு ஒரு மணி நேரமாவது ஓடியாட விட்டால், உயரம் கூடக்கூட எடை அதற்குள் அடங்கிவிடும்.

மறுபக்கம், குட்டையாக இருக்கும் பிள்ளையைத் தேற்றுவதாக நினைத்து பிஸ்கட்டும் சீனித் தேத்தண்ணியும் கொடுப்பது. உயரம் கூடப் புரதமும் இரும்பும் துத்தநாகமும் வேண்டும். முட்டை, நெத்தலி, பருப்பு, கீரை, கிளினிக்கில் கிடைத்தால் திரிபோஷ என்ற சத்துமா. எடை குறைந்து பிறந்து, பிறகு வேகமாகக் கொழுப்பு மட்டும் ஏறும் பிள்ளைக்குத்தான் பின்னாளில் சீனி வருத்தத்துக்கான வாய்ப்பு அதிகம். மிட்வைஃப் அக்கா கார்டில் குறிக்கும்போது நிறையை மட்டும் கேட்காமல் உயரக் கோட்டையும் காட்டச் சொல்லிக் கேளுங்கள்.

பெரியவர்களுக்குத் தராசு கூட வேண்டாம், ஒரு நூல் போதும். உங்கள் உயரத்துக்கு வெட்டி, இரண்டாக மடித்து, மூச்சை விட்ட பிறகு கடைசி விலா எலும்புக்கும் இடுப்பு எலும்புக்கும் நடுவில் சுற்றிப் பாருங்கள். நூலின் இரு முனையும் சேராவிட்டால் வயிற்றுக்குள் கொழுப்பு சேர்ந்திருக்க வாய்ப்பு உண்டு. இரத்தத்தில் சீனி பார்க்கப் போகலாம். வயிற்றுச் சுற்றளவுக்கு, தெற்காசியர்களில் ஆண்களுக்கு 90 சென்ரிமீற்றரும் பெண்களுக்கு 80 சென்ரிமீற்றரும் எல்லை.

பயன் இருக்குமா என்று கேட்பவர்களுக்குச் சென்னை ஆய்வைச் சொல்வேன். சீனி வருத்தத்தின் விளிம்பில் இருந்த 531 பேரை டொக்டர் இராமச்சந்திரன் குழுவினர் சுமார் இரண்டரை ஆண்டு கவனித்து, 2006இல் முடிவை வெளியிட்டார்கள். சாப்பாட்டைத் திருத்தி, நடையைக் கூட்டியவர்களில், அப்படிச் செய்யாதவர்களோடு ஒப்பிட்டால், நோய் வருவது 28.5 வீதம் குறைந்தது. அவர்களுடைய எடை பெரிதாகக் குறையவில்லை.