அஜீரணத்துக்குக் காரணம் இரைப்பைக் கிருமியா?

மேல்வயிற்றில் வலி அல்லது எரிச்சல், சிறிதளவு உண்டதுமே வயிறு நிறைந்துவிட்ட உணர்வு, உணவுக்குப் பின் நெடுநேரம் நீடிக்கும் உப்புசம் ஆகிய தொல்லைகளோடு மருத்துவரிடம் செல்பவர்களின் இரைப்பையைச் சோதித்தால், பலரிடம் ஹெலிகோபாக்டர் பைலோரி என்னும் பாக்டீரியா தென்படும். தொற்று மிகுந்த நாடுகளில் இவ்வாறு வருவோருள் பாதிக்கு மேற்பட்டவர்களிடம் அது இருப்பது வழக்கம். ஆனால் உலக மக்களில் ஏறத்தாழ பாதிப் பேரின் இரைப்பையில் இக்கிருமி குடியிருப்பதாக நீண்டகாலமாக மதிப்பிடப்பட்டு வந்துள்ளது. அவர்களுள் பெரும்பாலோர் எந்தத் தொல்லையும் உணர்வதில்லை. ஆகவே அஜீரணம் உள்ளவர்களிடையே தொற்று எவ்வளவு என்ற கேள்வியை, அதே ஊரில், அதே வயதில், அஜீரணம் இல்லாதவர்களிடையே அது எவ்வளவு என்ற கேள்வியோடு சேர்த்தே கேட்க வேண்டும்.

கடும் அமிலம் சுரக்கும் இரைப்பையில் பாக்டீரியா வாழ இயலாது என்றே பல காலம் நம்பப்பட்டது. 1982இல் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் மருத்துவர்களான ராபின் வாரனும் பேரி மார்ஷலும் இக்கிருமியை ஆய்வகத்தில் வளர்த்துக் காட்டினர். 1984இல் மார்ஷல் அக்கிருமிக் கரைசலைத் தாமே குடித்து இரைப்பை அழற்சிக்கு உள்ளானார். இருவருக்கும் 2005இல் நோபல் பரிசு கிடைத்தது.

இக்கிருமி சுரக்கும் யூரியேஸ் என்னும் நொதி, இரைப்பையில் உள்ள யூரியாவை அம்மோனியாவாகவும் கார்பன் டை ஆக்சைடாகவும் பிரிக்கிறது. அம்மோனியா தன்னைச் சுற்றியுள்ள அமிலத்தை மட்டுப்படுத்த, கிருமி வால் போன்ற தன் கசையிழைகளால் நீந்தி, இரைப்பைச் சுவரைப் போர்த்தியிருக்கும் சளிப்படலத்துக்குள் புகுந்துவிடுகிறது. உடலின் எதிர்ப்பு அதை முற்றிலும் அழிக்க முடியாமல் நாள்பட்ட அழற்சியாக நீடிக்கிறது. அழற்சி எங்கே நிலைகொள்கிறது என்பதுதான் பெரிதும் முக்கியம் எனக் கருதுகிறேன். இரைப்பையின் கீழ்ப்பகுதியில் மட்டும் அது இருந்தால், காஸ்ட்ரின் என்னும் ஹார்மோன் கூடி அமிலச் சுரப்பு மிகுந்து, முன்சிறுகுடலில் புண் உண்டாகலாம். மேற்பகுதிக்கும் பரவினால் சுரப்பிகள் சிதைந்து அமிலம் குறைகிறது, புற்றுநோய்க்கான வாய்ப்பு கூடுகிறது. தொற்றுள்ளவர்களில் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு வாழ்நாளில் எப்போதாவது புண் உண்டாகிறது. புற்றுநோய் அதனினும் மிகக் குறைவு.

அஜீரணத்துக்காக எண்டோஸ்கோப்பி (வாய்வழியே குழாய் செலுத்தி இரைப்பையின் உட்புறத்தைப் பார்க்கும் சோதனை) செய்துகொள்வோரில் பெரும்பாலோரிடம் புண்ணோ கட்டியோ காணப்படுவதில்லை. இவர்களில் தொற்றுள்ளவர்களுக்குக் கிருமியை ஒழித்தால் தொல்லை தீருமா? பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், சுமார் 14 பேருக்குச் சிகிச்சை அளித்தால் அதனால் கூடுதலாக ஒருவர் குணமடைகிறார் எனத் தெரிகிறது. இது சிறிய பலன்தான். எனினும் ஒருமுறை அளிக்கும் சிகிச்சைக்குப் புறக்கணிக்கத்தக்கதன்று. இத்துறை வல்லுநர்கள் கூடி உருவாக்கி 2015இல் வெளியான கியோட்டோ ஒருமித்த அறிக்கை, கிருமி ஒழிந்து 6 முதல் 12 மாதங்கள் கடந்த பின்னும் தொல்லையின்றி இருப்பவர்களின் அஜீரணத்தையே இக்கிருமியால் வந்ததாகக் கொள்ளலாம் என்கிறது. அதாவது, காரணம் எது என்பது சிகிச்சைக்குப் பிறகே உறுதியாகிறது.

தொற்று பெரும்பாலும் குழந்தைப் பருவத்தில், குடும்பத்துக்குள்ளேயே பரவுவதால், நெருக்கடியான வீடுகளிலும் தூய்மையற்ற நீரிலும் வளர்ந்த தலைமுறைகளிடம் அதிகமாக உள்ளது. சோதனை முறையும் எண்ணிக்கையை மாற்றிவிடும். இரத்தத்தில் எதிர்ப்பொருளைத் தேடும் சோதனை, என்றோ தீர்ந்த தொற்றையும் காட்டக்கூடும். யூரியா மூச்சுச் சோதனையும் மலச் சோதனையும் இப்போதுள்ள தொற்றைக் காட்டுகின்றன. அமிலத்தைக் குறைக்கும் ஒமெப்ரசோல் போன்ற மாத்திரைகளைச் சோதனைக்கு இரண்டு வாரங்கள் முன்பும், ஆன்டிபயாடிக்குகளை நான்கு வாரங்கள் முன்பும் மருத்துவரின் ஆலோசனையோடு நிறுத்தாவிட்டால், இருக்கும் கிருமியும் இல்லாததாகத் தோன்றலாம். சிகிச்சைக்குப் பின் கிருமி ஒழிந்ததா எனப் பார்க்கும் சோதனைக்கும் இதே விதி பொருந்தும். காரணமின்றி எடை குறைதல், விழுங்குவதில் சிரமம், கருநிற மலம், இரத்த வாந்தி ஆகியவை இருந்தால் மூச்சுச் சோதனையோடு நின்றுவிடாமல் தாமதமின்றி எண்டோஸ்கோப்பி செய்ய வேண்டும்.