கார் டேங்க் மூடியை நீங்களே மாற்றுவதற்கு முன்

குன்னூரில் பட்டறை வைத்திருக்கிறேன். போன மழைக்காலத்தில் ஒரு பெரியவர் தன் பழைய கார்புரேட்டர் காரோடு வந்தார். "மேல ஓட்டும்போது ஒண்ணுமில்லைங்க. மேட்டுப்பாளையம் இறங்கினா இழுவை போயி, திக்கித் திக்கி நின்னுடுது. கொஞ்ச நேரம் விட்டா மறுபடி ஓடுது" என்றார். கீழே ஒரு பட்டறையில் பெட்ரோல் பம்பையே மாற்றியிருக்கிறார்கள். அப்புறமும் அதே கதை.

நான் பானெட்டைத் தூக்கவில்லை, டேங்க் மூடியைத்தான் கேட்டேன். பழையது தேய்ந்துவிட்டதென்று, சாவி போட்டுப் பூட்டும் மூடி ஒன்றை அவரே வாங்கி மாட்டியிருந்தார். பளபளவென்று கனமான மூடி. திருப்பிப் பார்த்தால் உள்பக்கம் வழவழவென்று இருக்கிறது, வால்வே இல்லை.

மலை ஏறும்போது சிப்ஸ் பாக்கெட் உப்பிக்கொள்வதைப் பார்த்திருப்பீர்கள். ஊட்டியில் இறுக மூடிய காலி பாட்டில் கீழே போனதும் நசுங்கிப்போகும். ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரம், மேட்டுப்பாளையம் 300 மீட்டர் சொச்சம். மேலே காற்றழுத்தம் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. மேலே மூடிய டேங்க் காற்றே போகாமல் கீழே இறங்கினால், கணக்குப்படி அதன் மேல் சதுர அடிக்கு 190 கிலோ அளவுக்கு வெளிக்காற்று அழுத்தும். பெட்ரோல் ஆவி அதில் கொஞ்சத்தை ஈடுகட்டும், முழுவதையும் அல்ல. அந்தக் காலத்துப் பம்ப் இந்த வெற்றிடத்தை எதிர்த்துப் பெட்ரோலை உறிஞ்சத் திணறும். கீழே வெயில் வேறு. குழாயிலேயே பெட்ரோல் ஆவியாகிவிடும், வண்டி நிற்கும். மூடியில் இருக்கும் சின்ன வால்வு அந்த நேரத்தில் கொஞ்சம் காற்றை உள்ளே விட வேண்டும். அதற்காகத்தான் அது இருக்கிறது. சமவெளியில் வால்வில்லாத மூடியோடு சிலர் காலம் தள்ளிவிடுவார்கள். இங்கே மலை இறங்கும் வழியில் உள்ள பர்லியார் தாண்டுவதற்குள் தெரிந்துவிடும்.

தேய்ந்த மூடியில் நடப்பது இதற்கு நேர்மாறு. அடைக்க வேண்டிய இடத்தில் அடைக்காது. ஏறும்போது ஆவி வெளியே வந்து காருக்குள் பெட்ரோல் வாசம் அடிக்கும். கொண்டை ஊசி வளைவில் வண்டி சாயும்போது நிறைந்த டேங்கிலிருந்து பெட்ரோலே கசியும். பின்னால் வரும் பைக்காரர் அதில் சறுக்கினால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. நம் ஊரில் ஐப்பசி, கார்த்திகை மழை விடாமல் பிடிக்கும். அந்தத் தண்ணீரும் மெல்ல உள்ளே இறங்கும். இப்போது வரும் பெட்ரோலில் எத்தனால் கலந்திருக்கிறது, அது தண்ணீரை இழுத்து வைத்துக்கொள்ளும். டீசல் வண்டிக்கும் தண்ணீர் ஆகாது.

இன்னொன்று. ஊட்டிக் குளிரில் பெட்ரோல் பங்க்கில் பம்ப் தானாக நின்ற பிறகும் "இன்னும் கொஞ்சம் போடுங்க" என்று வாய்வரை நிரப்பாதீர்கள். 40 லிட்டர் பெட்ரோல் 20 டிகிரி சூடேறினால் முக்கால் லிட்டர் அளவுக்கு விரியும். அதற்கு டேங்கில் இடம் வேண்டுமே.

மூடி தேய்ந்திருக்கிறதா என்று பார்க்க ரப்பர் வளையத்தை நகத்தால் அழுத்துங்கள். நல்ல ரப்பர் உடனே எழும்பும். கெட்டது சப்பையாகி, ஒரு பக்கம் பளபளத்து, வளைத்தால் மயிரிழை வெடிப்புகள் காட்டும். கடையில் அளவு பார்த்து ரப்பரை மட்டும் மாற்றலாமா என்று கேட்பார்கள். வால்வு நன்றாக இருந்து, சரியான வளையம் கிடைத்தால் மாற்றலாம். எனக்கென்னவோ முழு மூடியாக மாற்றுவதுதான் நிம்மதி. வால்வை வாயில் வைத்து ஊதிப் பார்க்கிறவர்கள் உண்டு. வேண்டாம், பெட்ரோல் விஷம்.

வாங்கும்போது வண்டியின் மாடல், வருடம், சேஸிஸ் நம்பர் சொல்லி வாங்குங்கள். மூடியைக் கழற்றி எடுத்துக்கொண்டு கடைக்கு வண்டியிலேயே போகாதீர்கள். அப்படி ஒருவர், டேங்க் வாயில் பிளாஸ்டிக் கவரைத் திணித்து வந்தார். பிளாஸ்டிக் பைக்குத் தடை உள்ள மாவட்டத்தில் அந்தக் கவர் எங்கே கிடைத்தது என்றுதான் முதலில் கேட்டேன்.

மாற்றுவது பத்து நிமிட வேலை. ஆனால் வெட்டவெளியில் செய்யுங்கள். நம் வீடுகளில் பாதி சரிவில் இருக்கும், கார் ஷெட் கீழ்மட்டத்தில் இருக்கும், பக்கத்திலேயே வெந்நீர் அடுப்பு எரியும். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம், தரையோடு ஊர்ந்து தாழ்வான இடத்தில் தேங்கும். என்ஜினை அணைத்து, ஆறவிட்டு, உடம்பில் உள்ள நிலைமின்சாரம் இறங்கக் காரின் இரும்பை ஒருமுறை தொட்டுவிட்டு, மூடியை மெதுவாகத் திறங்கள். 'புஸ்' அடங்கட்டும். பழைய மூடியைக் காரோடு பிணைத்திருக்கும் வாரைக் கழற்றி, டேங்க் வாயின் விளிம்பை நூல் உதிராத துணியால் துடையுங்கள். தூசி உள்ளே விழக்கூடாது. விளிம்பில் துருக்குழியோ நெளிவோ இருந்தால் எந்த மூடி போட்டாலும் கசியும், அதைப் பட்டறைக்குக் கொண்டுவாருங்கள். ரப்பருக்குக் கிரீஸ், என்ஜின் ஆயில் எதுவும் தடவாதீர்கள். புது மூடியின் வாரை மாட்டி, மரை கோணலாக ஏறாமல் நேராக வைத்து, 'டிக் டிக்' என்று கேட்கும்வரை திருகினால் போதும். சில கார்களில் மூடி சரியாக இல்லையென்றால் செக் என்ஜின் லைட் எரியும். அது அணைய இரண்டு மூன்று நாள் ஓட்டம் ஆகலாம்.

பெரியவருக்கு அந்தக் காருக்கான வால்வு மூடியைப் போட்டு அனுப்பினேன். அடுத்த வாரம் போன் செய்தார். "பர்லியார் டீக்கடைகிட்ட நிறுத்தித் திறந்து பார்த்தேங்க, சத்தமே இல்லை." பக்கத்தில் ஒருத்தர் பீடி பிடித்துக்கொண்டிருந்தாராம். வயதில் பெரியவர் என்றும் பார்க்காமல் திட்டிவிட்டேன்.