பணம் கட்டியது யார்?

ஸ்பானிய வினைச்சொல்லில் அழுத்தக்குறியை (உயிரெழுத்தின் மேல் போடும் சாய்கோடு) விட்டுவிடும் இந்தப் பிழையை எத்தனை முறை திருத்தினாலும் மறுபடியும் என் மேசைக்கு வந்துவிடுகிறது. அண்மையில் ஒரு மாணவர், வாடிக்கையாளர் பணம் கட்டிவிட்டதை மாட்ரிட் அலுவலகத்துக்குத் தெரிவிக்க, 'எல் பியெர்னெஸ் பகோ லா ஃபக்தூரா' என்று மின்னஞ்சல் அனுப்பினார். 'பகோ'வின் கடைசி எழுத்தின் மேல் அழுத்தக்குறி இல்லை. குறி இருந்தால், 'வெள்ளிக்கிழமை அவர் பில்லைக் கட்டினார்'. இல்லாவிட்டால், 'வெள்ளிக்கிழமை நான் கட்டுகிறேன்'. கணக்குப் பிரிவில் யாரை நம்புவார்கள்?

'குறி போட்ட சொல்லில் மட்டும்தான் அழுத்தம், மற்றதை எப்படியும் சொல்லலாம்' என்று யார் இவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறார்கள்? தவறு, முழுத் தவறு. ஒவ்வொரு வினைச்சொல்லிலும் ஓர் அசை அழுந்தியே ஒலிக்கும். சொல் உயிரெழுத்திலோ 'என்', 'எஸ்' எழுத்துகளிலோ முடிந்தால் கடைசிக்கு முந்தைய அசை அழுந்தும். வேறு மெய்யில் முடிந்தால் கடைசி அசை. அப்லார் (பேசுதல்), கொமேர் (உண்ணுதல்) இரண்டும் 'ஆர்' எழுத்தில் முடிவதால் இறுதியில் அழுந்துகின்றன. அப்லான் (பேசுகிறார்கள்) 'என்' எழுத்தில் முடிவதால் முதல் அசையில் அழுந்துகிறது. மூன்றிலும் குறி கிடையாது, ஆனால் அழுத்தம் உண்டு. விதியை மீறும் சொல்லுக்குத்தான் பெரும்பாலும் குறி தேவைப்படுகிறது.

அசையைச் சரியாகப் பிரிக்காமல் விதியைப் பொருத்தவே முடியாது. தமிழ்ப் பழக்கத்தில் 'அப்-லார்' என்று உடைக்கிறோம். ஸ்பானியத்தில் அது 'அ-ப்லார்'. 'பி'யும் 'எல்'லும் பிரியாது. உயிர்கள் சேரும் இடத்தில் இன்னும் கவனம் வேண்டும். கம்பியார் (மாற்றுதல்), என்பியார் (அனுப்புதல்) இரண்டும் ஒரே அச்சில் வார்த்தவை போலிருக்கும். ஆனால் 'மாற்றுகிறார்' என்பது 'கம்-பியா', இரண்டு அசை. 'அனுப்புகிறார்' என்பது 'என்-பி-யா', மூன்று அசை. நடு அசையின் 'ஐ' எழுத்தில் குறி. மூலச்சொல்லைப் பார்த்து ஊகிக்காதீர்கள், அகராதியில் தன்மை வடிவத்தைப் பாருங்கள்.

கொம்ப்ரா (வாங்கு) என்பதற்குக் குறி இல்லை. 'லோ' சேர்த்துக் கொம்ப்ராலோ (அதை வாங்கு) ஆனதும் குறி வருகிறது. அழுத்தம் நகரவில்லை, பின்னால் ஓர் அசை கூடியதால் அது கடைசியிலிருந்து மூன்றாவதாகிவிட்டது.

பழைய பாடநூல் வைத்திருப்பவர்கள் கவனிக்கவும்: ரியோ (சிரித்தார்) போன்றவற்றின் குறியை ஸ்பானிய அகாதமி 2010ஆம் ஆண்டு எழுத்திலக்கணத்தில் நீக்கிவிட்டது.

எழுதியதை அனுப்புமுன் வினைச்சொல்லை அசை பிரித்து ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். கைப்பேசியில் எழுத்தைச் சற்று அழுத்திப் பிடித்தால் குறி வரும். பெரிய எழுத்துக்குக் குறி வேண்டாம் என்பவர்களின் பேச்சைக் கேட்காதீர்கள், அங்கும் போட வேண்டும்.