இடக்குறிப்பு: ஒரு சொல் விளக்கம்

கைப்பேசிப் பாதுகாப்பு பற்றிச் சேலத்தில் பெண்களுக்கு நடந்த ஒரு பயிற்சியில், ‘படங்களை அனுப்பும் முன் அவற்றிலுள்ள புவிசார் குறியீட்டை நீக்கிவிடுங்கள்’ என்று அச்சிட்ட துண்டறிக்கையைக் கொடுத்தார்கள். என் அருகில் இருந்த, ஜவ்வரிசி செய்யும் சேகோ ஆலையில் மாவு காயவைக்கும் அக்கா ஒருவர் அதை இருமுறை படித்துவிட்டு, “நம்ம ஜவ்வரிசிக்குக் கெடச்சதுதானுங்களே, அதை எதுக்குங்க நீக்கச் சொல்றாங்க?” என்று கேட்டார்.

அவர் கேட்டதில் பிழையே இல்லை. சேலம் ஜவ்வரிசி 2023இல் பெற்றது புவிசார் குறியீடு. சேலம் வெண்பட்டுக்கும் அது உண்டு. ஒரு பொருளின் பெயரை அது உருவாகும் ஊருக்கே உரியதாக்க 1999ஆம் ஆண்டுச் சட்டம் தரும் உரிமை அது. ஊரே பெருமையோடு காக்க வேண்டிய ஒன்றுக்கும், அயலார் கண்ணில் படாமல் காக்க வேண்டிய ஒன்றுக்கும் ஒரே பெயரைச் சூட்டுவது எவ்வளவு பொறுப்பற்ற செயல்!

துண்டறிக்கை அப்படி மொழிபெயர்த்தது ‘ஜியோடேக்’ (geotag) என்னும் ஆங்கிலச் சொல்லை; படமெடுத்த இடத்தைப் படக்கோப்புக்குள்ளேயே சொல்லும் தகவல் அது. அதில் ‘ஜியோ’ நிலவுலகைக் குறிக்கும் கிரேக்கச் சொல். ‘டேக்’ பொருளில் தொங்கவிடும் அடையாளச் சீட்டு. பிறப்பு இவ்வளவே.

‘புவிக்குறி’ என்பாரும் உளர். குழப்பம் குறைகிறது, பொருள் தெளியவில்லை. புவியியல், புவியீர்ப்பு ஆகியவற்றில் பேச்சு பூமியைப் பற்றியது. ஏற்காட்டில் வீட்டு வாசலில் பூத்த காப்பிச் செடியைப் படமெடுக்கும்போதோ, கைப்பேசியில் இட வசதி இயங்கினால், 11.77, 78.20 என்பது போலத் தொடங்கும் அட்சரேகை, தீர்க்கரேகை எண்கள் கோப்புக்குள் பதிவாகி, அடுத்தடுத்த இலக்கங்களால் அந்த வாசலையே சில மீட்டருக்குள் காட்டிக்கொடுத்துவிடும். அது இடம். குறியீடு என்பது வேறொன்றுக்காக நிற்கும் அடையாளம். இங்கோ இடமும் நேரமும் உள்ளபடியே எழுதப்படுகின்றன, ஆகவே குறிப்பு. ‘இடப்பதிவு’ என்றால் ரயிலில் இருக்கை பிடிப்பதாகக் காதில் விழுகிறது. இடக்குறிப்பு என்பதே தகும். மொழிபெயர்த்தவர் அகராதியை மூடிவிட்டுத் தம் கைப்பேசியில் ஒரு படத்தின் விவரங்களைத் திறந்திருந்தால், அங்கே தெரியும் சிறு வரைபடமே இச்சொல்லைத் தந்திருக்கும்.

வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் இடக்குறிப்பு நீங்கிவிடும், ஆவணமாக அனுப்பினால் கூடவே போகும் என்று அந்த அக்காவிடம் சொன்னேன். “அப்ப படம் எடுக்கறப்பவே அது விழாம நிறுத்திப்போடலாமுங்களா?” என்றார். கேமரா அமைப்பில் இருப்பிடத்தை நிறுத்தும் இடத்தைக் காட்டினேன், அவரே நிறுத்திக்கொண்டார்.