மணமாகி ஊர் மாறிய பெண்ணின் வாக்குரிமை: படிவம் 8 யாருக்கு, எதற்கு?

திருமணத்துக்குப் பின் புகுந்த வீட்டுக்குக் குடிபெயரும் பெண்ணின் பெயர் வாக்காளர் பட்டியலில் தானாக இடம் மாறுவதில்லை. படிவம் 8-ஐ நிரப்பிக் கொடுத்தால்தான் மாறும். வேறு தொகுதிக்குப் போனவர்கள் 2022 ஆகஸ்ட் வரை படிவம் 6-இல் விண்ணப்பிக்க வேண்டியிருந்ததால், பலர் இன்னும் அதையே கேட்டு வாங்குகிறார்கள். இப்போது அது முதன்முறையாகப் பதிவு செய்வோருக்கு மட்டுமே உரியது. ஏற்கெனவே வாக்காளர் அட்டை உள்ளவர் அதைக் கொடுத்தால் பெயர் இரண்டு ஊர்ப் பட்டியல்களிலும் ஏறிவிடக்கூடும். 1950ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் இதை அனுமதிப்பதில்லை.

புது வீட்டில் தன் பெயரில் மின் கட்டண ரசீதோ எரிவாயு இணைப்போ இல்லையே என்று தயங்க வேண்டாம். கணவர் அதே முகவரியில் வாக்காளராக இருந்தால், அவர் பெயரிலுள்ள முகவரிச் சான்றே போதும். படிவத்தை வாக்குச்சாவடி நிலை அலுவலரிடமோ இணையவழியிலோ கொடுக்கலாம்; கட்டணம் கிடையாது. சந்தேகம் இருந்தால் 1950 என்ற எண்ணை அழைக்கலாம்.

கணவர் பெயரைத் தன் பெயரோடு சேர்க்க வேண்டும் என்ற விதி எதுவும் இல்லை. 1951-52இல் நடந்த முதல் பொதுத்தேர்தலின்போது, குறிப்பாக வடமாநிலங்களில், தம் பெயரைச் சொல்லாமல் ‘இன்னாரின் மனைவி’, ‘இன்னாரின் மகள்’ என்று மட்டும் பதிந்திருந்த சுமார் 28 லட்சம் பெண்கள் பட்டியலிலிருந்து விடுபட்டுப்போனார்கள்.

வாக்காளர் பட்டியலில் பெயரைப் புகுந்த ஊருக்கு மாற்றாமல் விடுவதால் ஏற்படும் இழப்பு தேர்தல் நாளோடு முடிவதில்லை என்பதை வீட்டார் பெரும்பாலும் கவனிப்பதில்லை. ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் உள்ளவர்களே கிராம சபையின் உறுப்பினர்கள் என்பதால், பிறந்த ஊர்ப் பட்டியலிலேயே பெயர் தங்கிவிட்ட மருமகள், தான் தண்ணீர் பிடிக்கும் குழாயைப் பற்றிய தீர்மானத்தில்கூட உறுப்பினராகக் கைதூக்க முடியாது. தமிழ்நாட்டின் உள்ளாட்சி இடங்களில் 50 விழுக்காடு பெண்களுக்கு ஒதுக்கப்பட்டுள்ளது. ஆனால் தான் வாழும் ஊராட்சியில் போட்டியிட விரும்புபவரின் பெயர் அந்த ஊராட்சிப் பட்டியலில் இருந்தாக வேண்டும்.

தேர்தல் அறிவிப்பு வரட்டும், பார்த்துக்கொள்ளலாம் என்று காத்திருப்பது சரியல்ல. வேட்புமனுத் தாக்கலுக்கான கடைசி நாள் முடிந்த பிறகு, அந்தத் தேர்தல் முடியும்வரை பட்டியலில் திருத்தமோ சேர்க்கையோ செய்யப்படாது. விண்ணப்பத்தைச் சரிபார்க்கவும் ஆட்சேபணை கேட்கவும் அதற்கு முன்பே நாட்கள் தேவைப்படும்.